மடிக்கும் திரைக்கு உறை வடிவமைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒரு 200 பக்க நோட்டை நடுவில் வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போய், ஓரம் சரிவாக நிற்கும். அதே ஓரம் முழுக்கப் பசை தடவிக் காயவைத்து வளைத்தால் நோட்டு முரண்டு பிடிக்கும். விடாமல் அழுத்தினால் உள்பக்கத் தாள்கள் சுருங்கிப் புடைக்கும். மடிக்கும் போனின் திரையும் இப்படிப் பல அடுக்குகள்தான். நாம் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம் அதன்மேல் இன்னொரு தாள்.

சென்னை ரிச்சி தெரு போன் கடைகளில் அடிக்கடி காதில் விழுவது, "அண்ணே, நல்லா கெட்டியா ஒண்ணு போடுங்க." சாதாரண போனுக்கு அது சரி. மடிக்கும் திரைக்குத் தடிமன்தான் முதல் எதிரி. கணக்கு எளிது: ஒரு தகடு வளையும்போது அதன் மேற்பரப்பு எவ்வளவு நீளும் என்று பார்க்க, தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். ஆரம் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.3 மி.மீ. டெம்பர்டு கிளாஸ் என்றால் 10 சதவீத நீட்சி. எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்காது. 30 மைக்ரான் (0.03 மி.மீ.) என்றால் 1 சதவீதம்தான். 2020-இல் சாம்சங் இசட் ஃபிளிப்பில் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி வந்தது இதனால்தான்.

'9எச்' என்று அட்டையில் போட ஆசைப்படுவதும் தவறு. அது 9எச் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை, கனிமங்களின் கடின அளவு அல்ல. பென்சில் முனை களிமண்ணும் கிராஃபைட்டும் சேர்ந்தது. பெசன்ட் நகர் மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்குக் கனிமங்களின் மோஸ் அளவில் கடினம் 7, கண்ணாடியையே கீறிவிடும். 9எச் எட்டுவதற்காகக் கடினப் பூச்சைக் கூட்டினால், மடிப்புக் கோட்டில் அந்தப் பூச்சுதான் முதலில் விரிசல் விடும்.

அடுத்தது பசை. கிண்டியில் எங்கள் சின்னப் பட்டறையில் நானே சறுக்கியது இதில்தான். ஏசி அறையில் 25 டிகிரியில் மடித்து மடித்துத் திறந்தோம். ஃபிலிம் அசையவே இல்லை. மே மாதம் ஒரு மதியம், அதே ஃபிலிம் ஒட்டிய போனை மூடி, பைக் டேங்க் மேல் மாட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு கத்திப்பாராவிலிருந்து தாம்பரம் போனேன். இறங்கித் திறந்தால், நடுக்கோட்டில் ஃபிலிம் வரப்புப் போட்டதுபோல் எழும்பி நின்றது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. சூட்டில் பசை இளகி, மடித்த நிலையிலேயே நகர்ந்து அமர்ந்துவிட்டது. பசை இறுகலாக இருந்தால் அடுக்குகள் வழுக்காது. மிகவும் இளகலாக இருந்தால் நம் வெயிலில் ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும்.

எத்தனை முறை மடித்தோம் என்று மட்டும் எண்ணாதீர்கள். 2 லட்சம் முறை என்பது ஒரு நாளைக்கு 100 தடவை வீதம் ஐந்து வருடத்துக்கும் மேல். ஆனால் போன் பெரும்பாலான நேரம் பையில் மூடியே கிடக்கிறது. மூடிய நிலையில், 60 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதத்தில் 240 மணி நேரம் வைத்துப் பாருங்கள். டிஸ்ப்ளே துறையில் வழக்கமான சோதனைதான். கடலோர ஊரில் இருந்துகொண்டு இதை விடவே கூடாது.

மடியும் திசையையும் மறக்காதீர்கள். உள்பக்கம் மடியும் திரையில் ஃபிலிம் நசுங்கும், எழும்பி உரியும். 2019-இல் வந்த ஹுவாவே மேட் எக்ஸ் போல வெளிப்பக்கம் மடிந்தால் ஃபிலிம் இழுபடும், பூச்சு வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே ஃபிலிமை வெட்டிக் கொடுப்பது சரிவராது. உள்மடிப்பில் இன்னொன்று: இரு பக்கமும் 0.1 மி.மீ. சேர்த்தால் மூடும்போது 0.2 மி.மீ. இடைவெளி போய்விடும். நடுவில் சிக்கிய ஒரே ஒரு மணல் துகள் போதும், திரை காலி.

பேக் கவரில் தவறு நடப்பது முதுகில். போனைத் திறந்தால் இரண்டு பாதிகளின் பின்பக்கமும் ஒட்டி நிற்கும். மூடினால் இரண்டு பாதிகளின் தடிமன் அளவுக்கு விலகும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்காமல் லெதர் பட்டையை ஒட்டினால் நாலே மாதத்தில் பிய்யும். கீலை மூடும் பகுதி வழுக்கி நகர வேண்டும். காந்தம் வைத்தால் போன் மூடியதை உணரும் சென்சார் குழம்பாத இடமாகப் பாருங்கள்.

கடைசியாக ஓரமும் உரிப்பதும். 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டைப் பரிசோதித்தவர்கள் சிலர், திரையின் மேலடுக்கைச் சாதாரண ஸ்கிரீன் கார்டு என்று நினைத்து உரித்தார்கள், திரை போய்விட்டது. விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. திரும்பி வந்தபோது அந்த அடுக்கின் ஓரத்தைத் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்கு அடியில் செருகியிருந்தார்கள். நம் ஃபிலிமை அப்படிச் செருக முடியாது. அதனால் சட்டத்தில் முட்டாமல் சுற்றிலும் அரை மி.மீ. விட்டு, மூலைகளை வளைத்து வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தில் பிசிறு இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். நம் பசையின் பிடி கம்பெனி அடுக்கின் பிடியைவிடக் குறைவாகவே இருக்கட்டும். நம் ஃபிலிமை உரிக்கும்போது அடியில் இருப்பதும் கூடவே வந்துவிடக் கூடாது.