பிப்ரவரி முடியும் முன் நன்கொடை கேளுங்கள்

டர்பனில் பிள்ளைகளுக்குக் கணினி கற்றுத்தரும் தொண்டு அமைப்பை நடத்துகிறீர்களா? நன்கொடை கேட்க ஜனவரியும் பிப்ரவரியும்தான் நல்ல காலம். தென்னாப்பிரிக்காவில் தனிநபர்களின் வரி ஆண்டு பிப்ரவரி கடைசி நாளோடு முடிகிறது. தைப்பூசக் காவடிக்கு உறவும் நட்பும் கோயிலில் கூடுவதும் ஏறக்குறைய அப்போதுதான். உங்கள் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்கீழ் வருவாய்த் துறையின் அங்கீகாரம் இருந்தால், கொடுப்பவர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை நன்கொடையாகக் கழித்துக்கொள்ளலாம். அங்கீகாரம் இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதற்கு விண்ணப்பியுங்கள். பணத்துக்கு மட்டுமல்ல, பொருளாகத் தரும் கணினிக்கும் இந்த வரிக்கழிவுக்கான ரசீது உண்டு. ஒருவர் தரும் நேரத்துக்குக் கிடையாது. இதைத் தொண்டர்களிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

தொண்டர்களைத் திரட்ட ஜூலை 18, மண்டேலா நாள். மண்டேலா பொதுச்சேவையில் கழித்த 67 ஆண்டுகளின் நினைவாக அன்று 67 நிமிடம் சேவை செய்யப் பலரும் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். "வந்து உதவுங்கள்" என்று மட்டும் அழைத்தால் போதாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பாட்டிக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பைக் கற்றுக்கொடுங்கள், ஒரு பழைய மடிக்கணினியைச் சரிபாருங்கள் என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வந்த தொண்டர் கிளம்புவதற்குள் அடுத்து எப்போது வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.