மாமா வீட்டுக்குப் போய் லாட்ஜில் தங்குவது எப்படி? மதுரை அனுபவத்திலிருந்து ஒரு செய்முறை

மதுரை கே.புதூரில் அம்மாவின் தம்பி வீடு. இரண்டு படுக்கையறை, ஒரே பாத்ரூம், வீட்டு ஆட்களே ஐந்து பேர். சென்னையிலிருந்து நாங்கள் நான்கு பேர் போய் இறங்குவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அங்கே இருப்பதோ இந்தியன் டாய்லெட். ஒருமுறை அம்மா பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலேயே இருந்ததைக் கவனித்தேன். ஏன் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து ராத்திரி தங்குவதற்கு மட்டும் லாட்ஜ் எடுக்கிறோம். முதல்முறை இப்படிச் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: டிக்கெட் எடுத்த அன்றே சொல்லிவிடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. முதல் தடவை நாங்கள் சொல்லாமலே ரூம் போட்டுவிட்டோம். ராத்திரி சாப்பிட்டுக் கிளம்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னோம். மாமா முகம் வாடிப்போனது. அத்தை எங்களுக்காக மெத்தையும் தலையணையும் மொட்டை மாடியில் காயப்போட்டு எடுத்து வைத்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

சொல்ல வேண்டியவர் அந்த வீட்டுக்கு நெருக்கமானவராக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அம்மாவே பேசினார்: “தம்பி, எனக்கு இப்பல்லாம் குத்தவைக்க முடியலைப்பா. ராத்திரி படுக்க மட்டும் ரூம் எடுத்துக்கறோம். காலைக் காபிக்கு உன் வீட்டுல இருப்பேன்.” காரணம் உங்கள் பக்கமே இருக்கட்டும், “உங்க வீட்ல இடம் பத்தாது” என்ற பேச்சே வேண்டாம். எந்தெந்த வேளை அங்கே சாப்பிடுவீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். ‘நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க’ என்ற நிம்மதி அதில்தான் அவர்களுக்கு வரும்.

படி 2: சொந்தக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் தேடுங்கள்

மதுரை ஜங்ஷனுக்கு எதிரே, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு பக்கம் லாட்ஜுகள் வரிசையாக இருக்கும். அங்கிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். ஆனால் போவது உறவினரைப் பார்க்க என்றால், ராத்திரி பத்து மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கே.புதூர், ஒத்தக்கடை பக்கம் வீடு என்றால் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தைச் சுற்றித் தேடுங்கள். பழங்காநத்தம், திருநகர் பக்கம் என்றால் பெரியார் பேருந்து நிலையம், ஜங்ஷன் பகுதி வசதி.

சித்திரைத் திருவிழா சமயம், முகூர்த்த நாள் என்றால் டிக்கெட்டோடு சேர்த்து ரூமையும் போட்டுவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் போய் இறங்கி ரூம் தேடுவது நடக்காத காரியம்.

படி 3: போனில் பேசுங்கள்

ஆப்பில் படம் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் லாட்ஜுக்கே நேரடியாக ஒரு போன் போட்டு இவற்றைக் கேளுங்கள்:

- வெஸ்டர்ன் டாய்லெட்டா? (பெரியவர்கள் வந்தால் இதுதான் முதல் கேள்வி)
- லிஃப்ட் உண்டா, இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ரூம் கிடைக்குமா?
- வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில் மட்டுமா?
- டபுள் ரூமில் எத்தனை பேர் தங்கலாம், எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு?
- சொன்ன வாடகை ஜிஎஸ்டி சேர்த்தா?
- செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணியா?

2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 1,000 ரூபாய் ரூம் என்றால் 1,050 ஆகும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன லாட்ஜ் இந்த வரியை வாங்கக்கூடாது.

படி 4: செக்-அவுட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

புதிதாகப் போகிறவர்கள் பணத்தை விடுவது இங்கேதான். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு ரயிலிலிருந்து இறங்கி ரூமுக்குப் போகிறீர்கள், சனிக்கிழமை ராத்திரி ரயிலில் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நுழைந்த நேரத்திலிருந்து எண்ணும் 24 மணி நேரக் கணக்கில் இரண்டு நாள் வாடகை. ஞாயிறு விடியற்காலை வரை ரூம் உங்களுடையது.

ஒவ்வொரு நாளும் பகல் 12 மணியோடு முடியும் கணக்கு என்றால், வெள்ளி விடியற்காலை ரூம் வேண்டுமானால் வியாழக்கிழமை வாடகையையும் சேர்த்து லாட்ஜில் கேட்கலாம். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் வாடகை ஆகிவிடும். ஆகவே ராத்திரி ரயிலில் வருகிறவர்கள் 24 மணி நேர லாட்ஜையே தேடுங்கள். கிடைக்காவிட்டால் இறங்கியதும் நேராக மாமா வீட்டுக்குப் போய்க் காபி குடித்து, குளித்து, மத்தியானச் சாப்பாடும் முடித்துவிட்டு ரூமுக்குப் போங்கள். அத்தைக்கும் அதுதான் சந்தோஷம்.

படி 5: அடையாள அட்டை

பெரியவர்கள் எல்லோருடைய அட்டையையும் எடுத்துப் போங்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டையும் செல்லும். ஆதார் நகல்தான் கொடுக்க வேண்டுமென்றால், முதல் எட்டு எண்கள் மறைத்த ஆதாரை ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை பாஸ்போர்ட்டில் வரும் உறவினர் கூட இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அரசிடம் பதிய வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத லாட்ஜில் ரூம் தர மாட்டார்கள்.

படி 6: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ரூமைப் பாருங்கள்

“ரூம் பாத்துக்கலாமாண்ணே?” என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குழாயைத் திறந்துவிடுங்கள், ஃப்ளஷ்ஷை அழுத்துங்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், ஜன்னலில் கொசுவலை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் மூட்டைப்பூச்சி. இதை நேரம் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் பையில் ஏறி மாமா வீட்டு மெத்தைக்குப் போய்விட்டால் அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் அவதிப்படும். தலைமாட்டுப் பக்கம் விரிப்பை விலக்கி, மெத்தையின் தையல் ஓரத்தைப் போன் டார்ச்சில் பாருங்கள். கறுப்பு மை தெளித்தாற்போல் புள்ளிகள், உரிந்த தோல் தெரிந்தால் வேறு ரூம் கேளுங்கள், இல்லையென்றால் கிளம்பிவிடுங்கள். பார்த்து முடிக்கும்வரை பைகளைக் கட்டிலில் வைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஊர் திரும்பியதும் துணிகளை நல்ல வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள்.

எல்லாம் சரி என்றால் அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்த நேரம் ரசீதில் இருக்க வேண்டும், 24 மணி நேரக் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

படி 7: தங்கியிருக்கும்போது

வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வை, தலையணை உறை, சோப்பு, கொசுவத்தி கொண்டுபோங்கள். மாமா பிள்ளைகள் ரூமைப் பார்க்க ஆசைப்படுவார்கள். ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள், ராத்திரி கூடுதல் ஆள் தங்குவதைப் பல லாட்ஜில் அனுமதிப்பதில்லை.

கடைசி நாள் ரயிலுக்கு நேரம் இருந்தால், காலையிலேயே ரூமைக் காலி செய்து பைகளோடு மாமா வீட்டுக்குப் போய்விடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அன்று பகலெல்லாம் அங்கேயே இருப்போம். மத்தியானம் அம்மாவும் அத்தையும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பேசுவார்கள். சாயங்காலம் ராத்திரிச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, ஆட்டோ வரைக்கும் வந்து வழியனுப்புவார் மாமா.