இந்தி டப்பிங்கில் அயல்நாட்டு மாயாஜாலத் தொடர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன, கொரிய, ஆங்கில மாயாஜாலத் தொடர்களை இந்தி டப்பிங்கில் பார்ப்பவர்கள் செய்யும் முதன்மையான தவறு, காதில் விழும் சொற்கள் பழகியவை என்பதால் கதை நடக்கும் உலகமும் பழகியதே என்று எண்ணிக்கொள்வதாகும். தேவர், அசுரர், முற்பிறவி என்று இந்தியில் கேட்டவுடன் நம் மனம் தானாகவே நம் புராணங்களுக்குச் சென்றுவிடுகிறது.

2017ஆம் ஆண்டு வெளிவந்த 'எடர்னல் லவ்' என்னும் 58 பகுதிகள் கொண்ட சீனத் தொடரின் நாயகி, ச்சிங்ச்சியூ நாட்டைச் சேர்ந்த ஒன்பது வால் நரித் தெய்வம். அந்நாட்டையும் அந்நரியையும் 'ஷான்ஹாய் ஜிங்' என்னும் பழஞ்சீன நூலே குறிப்பிடுகிறது. அதே ஒன்பது வால் நரி, கொரியக் கதைகளில் மனிதரின் ஈரலைத் தின்னும் குமிஹோவாக அஞ்சப்படுகிறது. இந்த வகைச் சீனக் கதைகளில் தெய்வநிலை என்பது பெரும்பாலும் நெடுங்காலப் பயிற்சியாலும், வானம் தரும் சோதனைகளைத் தாங்குவதாலும் உயர்வது; தெய்வங்களே மனிதராகப் பிறந்து துன்புற்று மீள்வதும் அச்சோதனைகளுள் ஒன்று. இதை மனத்தில் கொள்ளாதவருக்கு, யாங் மி என்னும் ஒரே நடிகை ஆண்வேடச் சீடராகவும், நினைவிழந்த மானிடப் பெண்ணாகவும், நரித் தெய்வமாகவும் வருவது குழப்பமாகவே இருக்கும். தொடக்கப் பகுதிகளை 'மெதுவாகப் போகிறது' என்று தாண்டிச் செல்பவர்கள் இழப்பது இந்த அடித்தளத்தைத்தான்.

கொரியாவின் 'காப்ளின்' தொடரில் வரும் மரண தூதரை எருமையும் பாசக்கயிறும் கொண்ட யமதூதராக எண்ணிப் பார்ப்பதும் இத்தகையதே. கறுப்பு உடையும் தொப்பியும் அணிந்த அவர், இறந்தோரைத் தேநீர் அறையில் அமர்த்தி, வாழ்ந்த வாழ்வை மறக்கச் செய்யும் தேநீரைத் தருகிறார்; அவருக்கோ தம் முற்பிறவியே நினைவில் இல்லை. கதையின் பெரும் துயரம் அந்த மறதியிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தி புரிகிறது என்ற நம்பிக்கையில், கைபேசியை நோண்டிக்கொண்டே செவிவழியாக மட்டும் தொடரைப் பின்தொடர்வது அடுத்த தவறு. 2019இல் வெளிவந்த 'தி விட்சர்' முதல் பருவம், வெவ்வேறு காலங்களில் நடக்கும் மூன்று கதைகளை ஆண்டுக் குறிப்பு எதுவுமின்றி மாற்றி மாற்றிக் காட்டுகிறது. முதல் பகுதியிலேயே, கலாந்தே என்னும் அரசி தன் முதல் போரில் வென்ற செய்தியை ஒரு பாத்திரம் புதிதாக நிகழ்ந்ததுபோல் சொல்கிறது. அதே பகுதியின் வேறு காட்சிகளில் கலாந்தே பேத்தி கண்ட அரசியாக இருக்கிறார். அந்த ஒரு வசனம் தப்பிவிட்டால், பல பகுதிகள் கடந்த பின்பே காலவேறுபாடு பிடிபடும்.

இந்திக் குரலுடன் ஆங்கில வசன வரிகளையும் சேர்த்துப் படிப்பது உதவியாகத் தோன்றினாலும், பெரும்பாலும் இடையூறே செய்யும். வசன வரிகள் மூல வசனத்தை ஒட்டி எழுதப்பட்டவை. டப்பிங் வசனமோ உதட்டசைவுக்கும் நேர அளவுக்கும் ஏற்பச் சுருக்கியும் நீட்டியும் எழுதப்படுவது. பெயர்களும் உறவுகளும் சிக்கலாக உள்ள காட்சியை மூலமொழி ஒலியில் வசன வரிகளோடு ஒருமுறை பார்த்துவிட்டு, மீண்டும் இந்திக்குத் திரும்புவது நல்லது. டப்பிங் கலைஞர்களின் உழைப்பை இது எவ்வகையிலும் குறைப்பதாகாது.

அனுமதியின்றிப் பதிவேற்றப்படும் பிரதிகளில் காட்சிகள் வெட்டப்பட்டும், படம் இடவலமாகத் திருப்பப்பட்டும் இருப்பதுண்டு; அவற்றை நம்பிக் கதையை எடைபோட வேண்டாம். மேலும், ஒலித்தேர்வுப் பட்டியலை முழுவதும் பாராமல் இந்தியைத் தெரிவு செய்துவிடாதீர்கள்: 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' போன்ற தொடர்கள் தமிழிலேயே கிடைக்கின்றன.