தடம் புரண்ட நிலக்கரி வேகன்

என் மாதிரி ரயிலுக்காக பிளாஸ்டிக் கிட்டில் கட்டிய 16 டன் பிரிட்டிஷ் நிலக்கரி வேகனின் சிறு வடிவம், 1:76 அளவு. எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது, திடீரென்று ஒவ்வொரு பாயிண்டிலும் (தண்டவாளம் பிரியும் இடம்) தடம் புரள ஆரம்பித்தது. சக்கரங்களின் உட்புற இடைவெளியை அளந்தேன்: 14.5 மில்லிமீட்டர், சரிதான். தண்டவாளத்தைத் துடைத்தேன், கப்ளிங்கை மாற்றினேன். நான்கு மாலைகள் வீணாயின.

கண்ணாடித் துண்டின் மேல் வைத்தபோதுதான் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்பது தெரிந்தது. அச்சு முனைகளைத் தாங்கும் பித்தளைக் கிண்ணங்களுக்குள் அச்சு லொடலொடவென ஆடியது. பக்கச் சட்டங்கள் வெளியே பிதுங்கியிருந்தன.

குற்றவாளி அடியில் இருந்தது. எடைக்காக ஈயக் குண்டுகளை வெள்ளை மரப்பசையில் ஒட்டியிருந்தேன். பசையிலிருந்து வரும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கும். அந்தப் பொடிக்கு ஈயத்தைவிட அதிக இடம் வேண்டும். குண்டுகள் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தன.

கையுறை போட்டு, பொடி பறக்காமல் ஈரப்படுத்தி, அத்தனையையும் சுரண்டினேன். கண்ணாடி மேல் வைத்தே சட்டங்களை நேராக்கி ஒட்டினேன். எடைக்கு இப்போது இரும்பு நட்டுகள், எபாக்சி பசையில். வேகன் அதே பாயிண்டுகளில் சத்தமில்லாமல் போகிறது, அப்பாடா!

அதே மரப்பசையில் ஈயம் ஒட்டிய இன்னும் மூன்று வேகன்கள் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றின் அடித்தளம் லேசாகப் புடைத்திருக்கிறது.