வெயிட்லிஸ்ட் ரயில் டிக்கெட் அல்ல: வெளிநாட்டு பிஎச்.டி. முடிவுக்குக் காத்திருப்போர் செய்யும் தவறுகள்

மார்ச் முதல் வாரம், நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாயாக்கடை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கருங்கல் பக்கம். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு அமெரிக்காவில் ஐந்து, இங்கிலாந்தில் இரண்டு என ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். சாயா ஆறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு போர்ட்டலாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நடுவில், "ஒண்ணு மட்டும் வெயிட்லிஸ்ட் அண்ணே. ரிஜெக்ட்தான், கொஞ்சம் மரியாதையா சொல்லியிருக்காங்க" என்றார்.

"பதில் போட்டியா மக்களே?"

"அதுக்கு என்னத்துக்கு பதில்?"

12 வருடங்களுக்கு முன்பு நான் கேட்ட அதே கேள்வி. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கடைசித் தேதியை விடாதே, ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கட்டுரையில் இன்னொன்றின் பெயரை விட்டுவைக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அனுப்பி முடித்தபின் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறோமே, அந்த நான்கு மாதத்தில் நடக்கும் கூத்துகளை மட்டும் சொல்கிறேன்.

விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து பார்ப்பது

அமெரிக்கக் கிழக்குக் கரை குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தபின் ஒன்பதரை. அங்கே மாலை ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டு ஒருவர் வீட்டுக்குக் கிளம்பினால் இங்கே கோழி கூவியிருக்காது. காலை ஏழு மணிக்குப் பார்த்தாலும் அதே கடிதம்தான் இருக்கும். ஒரு முறை பாருங்கள், ஸ்பேமையும் சேர்த்து.

மௌனத்துக்கு அர்த்தம் சொல்வது

டிசம்பரிலும் ஜனவரி நடுவிலும் விண்ணப்பம் முடிந்தால், அமெரிக்கத் துறைகள் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும். விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் வகுப்பும் எடுக்கும் ஆசிரியர்கள்தான். முதல் பட்டியலுக்குக் கடிதம் போனபின் மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் வைத்திருப்பதும் வழக்கம். நண்பனுக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை, ஆகவே கதை முடிந்தது என்று கணக்குப் போட வேண்டாம்.

சில சமயம் விஷயம் உங்களைப் பற்றியதே அல்ல. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2025-26 கல்வியாண்டுக்கு வரலாறு, ஆங்கிலம் உட்படப் பல கலைப்பாடங்களில் புதிய பிஎச்.டி. மாணவர்களை எடுக்கப்போவதில்லை என்று 2024 நவம்பரில் அறிவித்தது. கவிஞர் ஏ.கே. ராமானுஜன் பாடம் நடத்திய சிகாகோ பல்கலைக்கழகத்திலும் கலைப்பாடத் துறைகள் பலவற்றில் 2026-27 சேர்க்கையை நிறுத்துவதாக 2025 ஆகஸ்டில் சொன்னார்கள். இடத்தையே சுருட்டி வைத்துவிட்டபின், உங்கள் கட்டுரையின் மூன்றாம் பத்தி சரியில்லையோ என்று குமைந்து என்ன பயன்?

வெயிட்லிஸ்டை ரயில் டிக்கெட்டாக நினைப்பது

நமக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்றால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்தான். பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்ப டிக்கெட் போட்டால் டபிள்யூ.எல். 34 என்று வருகிறது. நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். யாராவது ரத்து செய்தால் எண் தானாக இறங்கும், சார்ட் போட்டதும் விஷயம் தெரிந்துவிடும். இந்தப் பழக்கம்தான் நம்மைக் கெடுக்கிறது. பிஎச்.டி. வெயிட்லிஸ்டில் எதுவும் தானாக இறங்காது. பல துறைகளில் வரிசை எண்ணே கிடையாது.

அங்கே நடப்பது இது. ஒரு வரலாற்றுத் துறை வருடத்துக்கு எடுப்பதே சில பேரைத்தான். ஒவ்வொருவருக்கும் ஐந்து வருடமளவுக்குக் கல்விக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப்படியும் கொடுக்க வேண்டும் என்பதால், ஓர் இடம் என்பது பெரிய பணம். தெற்காசிய வரலாற்றுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல ஆள் என்றால் அவரை வேறு இரண்டு மூன்று இடங்களும் கூப்பிட்டிருக்கும். ஏப்ரல் 15 வரை யோசிக்க அவருக்கு உரிமை உண்டு. அமெரிக்காவின் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் அமைப்பின் தீர்மானம் அப்படி: அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு தரும் அழைப்புக்கு அந்தத் தேதிக்கு முன்பு பதில் கேட்டு நெருக்கக்கூடாது. எனவே அவர் 13ஆம் தேதியோ 14ஆம் தேதியோ, சில சமயம் 15ஆம் தேதி சாயங்காலமோதான் 'நான் வரவில்லை' என்று எழுதுவார். அந்த நேரத்தில் சேர்க்கையைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியருக்குப் பொறுமையாக யோசிக்க அவகாசமில்லை. கையில் இருக்கும் நாலைந்து பெயர்களில் யாரைக் கூப்பிட்டால் வருவார் என்று பார்ப்பார். ஆர்வம் இருக்கிறது என்று எழுதியவரையா கூப்பிடுவார், ஒரு மாதமாக மூச்சே விடாதவரையா?

2014இல் நான் மூச்சே விடாதவன். லண்டன் மிஷன் ஆவணங்களை வைத்து, தோள்சீலைப் போராட்டக் காலத்தில் தென் திருவிதாங்கூரில் நடந்த மிஷன் பள்ளிகளைப் பற்றி ஆராய்வதாகத் திட்டம் எழுதியிருந்தேன். மார்ச்சில் அமெரிக்க நடுமேற்கிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தது. திட்டம் பிடித்திருக்கிறது, இப்போதைக்கு இடமில்லை, காத்திருப்போர் பட்டியலில் இருக்கச் சம்மதமா, வேறு அழைப்பு ஏதாவது வந்திருக்கிறதா? தெளிவாக இரண்டு கேள்விக்குறிகள். நான் அதை ஆறுதல் கடிதமாகப் படித்தேன். நண்பன் ஒருவன் வேறு, "அது எல்லாருக்கும் அனுப்புறதுலே" என்றான். எல்லாருக்கும் அனுப்பமாட்டார்கள்.

ஏப்ரல் 14 சித்திரை விஷு. அம்மா வீடு குலசேகரத்துக்கு மேலே, சுற்றிலும் ரப்பர். அந்த நாட்களில் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தாலே அதிசயம். கனி பார்த்து, பிள்ளைகளுக்குக் கைநீட்டம் கொடுத்து, ஈஸ்டர் வரை லீவுதானே என்று அப்படியே தங்கிவிட்டேன். 20ஆம் தேதி இறங்கி வரும்போது தக்கலையில் போன் அதிர ஆரம்பித்தது. நம் நேரப்படி 16ஆம் தேதி காலையில் ஒரு கடிதம் வந்திருந்தது: ஓர் இடம் காலியாகியிருக்கிறது, முழு உதவித்தொகை, 48 மணி நேரத்தில் பதில் தேவை, தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. அதற்கு மேலே 18ஆம் தேதிக் கடிதம்: பதில் இல்லாததால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம், வாழ்த்துகள். விண்ணப்பத்தில் நான் கொடுத்திருந்த எண், ஆறு மாதத்துக்கு முன்பே தூக்கிப்போட்ட சிம்முடையது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே இரண்டு கடிதங்களையும் மாறி மாறிப் படித்தேன். நாகர்கோவில் பஸ் இரண்டு போயிற்று.

அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் ஆறு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 75 முதல் 100 டாலர், டாலர் அன்று 62 ரூபாய் அளவில். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் திருவனந்தபுரம் போய் அந்தப் பரீட்சையும் மறுபடி. பணம்கூடப் போகட்டும். ரெஃபரன்ஸ் கொடுத்த மூன்று ஆசிரியர்கள் முன்னால் போய், "சார், போன வருஷம் கிடைச்சுது, ஆனா நான் பார்க்கல" என்று நின்றேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் எரிகிறது. 2015இல் வேறோர் இடத்தில் சேர்ந்தேன், படிப்பும் முடிந்தது. வீணாய்ப் போன அந்த ஒரு வருடம் மட்டும் திரும்ப வரவில்லை.

சரி, வெயிட்லிஸ்ட் கடிதம் வந்தால் என்ன செய்வது? ஓரிரு நாளில் பதில் எழுதுங்கள், சேர்க்கை அலுவலகத்தின் பொது முகவரிக்கு அல்ல, கடிதத்தில் கையெழுத்திட்டவருக்கு. நன்றி, பட்டியலில் இருக்கச் சம்மதம். அந்த இடம்தான் உங்களுக்கு முதல் விருப்பம் என்றால், உதவித்தொகையோடு கிடைத்தால் கட்டாயம் வருவேன் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் சொல்லாதீர்கள், இரண்டு இடத்துக்கு இதையே எழுதியவரை எனக்குத் தெரியும், அந்தப் பேராசிரியர்கள் இருவரும் பழைய நண்பர்கள். பட்டியலில் வரிசை உண்டா, எப்போது தெரியும் என்று ஒரு கேள்வி கேட்கலாம். விண்ணப்பித்தபின் கட்டுரை ஏதாவது வெளியாகியிருந்தால் ஒரு வரி. நாட்டுக் குறியீட்டோடு இப்போது வேலைசெய்யும் போன் எண். ஏப்ரல் முதல் வாரத்தில் இன்னொரு சின்னக் கடிதம். அதற்கு மேல் எழுதினால் தொந்தரவு. கருங்கல் பெண்ணின் பதிலைச் சாயாக்கடையிலேயே எழுதினோம், மொத்தம் ஆறு வரி. அனுப்பியபின் கேட்டார்: "அப்போ விஷுவுக்கு ஊருக்குப் போகக்கூடாதா?" போகலாம், சிக்னல் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு.

இன்னொன்று. ஏப்ரல் 15 கணக்கு அமெரிக்காவுக்குத்தான், அங்கும் கையெழுத்திட்டவர்களுக்குத்தான். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அழைப்புக் கடிதத்தில் என்ன தேதி இருக்கிறதோ அதுதான் தேதி.

போகாத இடத்தைப் பிடித்து வைத்திருப்பது

மூன்று அழைப்பு வந்து, ஒன்றுக்குப் போவதில்லை என்று முடிவாகிவிட்டால் அன்றைக்கே எழுதி விட்டுவிடுங்கள். நீங்கள் 15ஆம் தேதி வரை அழகு பார்க்கும் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இன்னொரு குலசேகரத்தில் ஒருவர் இருக்கிறார்.

சேர்க்கைக் கடிதத்தைப் பணமாக நினைப்பது

அமெரிக்கப் பிஎச்.டி.யில் பெரும்பாலும் இடமும் பணமும் ஒரே கடிதத்தில் வரும். இங்கிலாந்தில் அப்படியில்லை. துறை 'வா' என்று சொல்லும், உதவித்தொகையை வேறொரு குழு வேறொரு மாதத்தில் முடிவு செய்யும். முதல் கடிதத்தைப் பார்த்தே வேலையை விட்டவர் உண்டு, பத்து சென்ட் ரப்பரை அடகு வைக்கப் பேசிய அப்பாவும் உண்டு. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டுவதைப்போல் பல மடங்கு. அதற்கு மேல் மாணவர் விசாவுக்கு சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்ட், அதுவும் தங்கப்போகும் காலம் முழுவதற்கும் விண்ணப்பத்தோடே கட்ட வேண்டும். உதவித்தொகை முடிவு எப்போது வரும் என்று எழுதிக் கேளுங்கள். அது தெரியாமல் திருப்பித் தராத முன்பணம் எதையும் கட்டாதீர்கள்.

இங்குள்ள கதவை அடைத்துவிடுவது

யு.ஜி.சி. நெட் தேர்வை எழுதுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். அது ஒன்றும் சில்லறை இல்லை.

பெயரையும் சான்றிதழையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் சர்நேம் ஆகி, பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று வரும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அங்கே போனதும் வங்கிக்காரர் ஒருவர் என்னை முழு மரியாதையோடு "மிஸ்டர் எஃப்னு" என்று கூப்பிட்டார். இனிஷியலை விரிப்பதோ அப்பா பெயரைச் சேர்ப்பதோ, காத்திருக்கும் இந்த மாதங்களில் முடித்துவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்டும் அப்படித்தான். இடம் கிடைத்ததும் உறையிட்டு முத்திரை வைத்த அசலைக் கேட்பார்கள். நம் குமரி மாவட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள் அதற்குத் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்வரை போக வேண்டியிருக்கும். ஜூனில் ஓடுவதைவிட மார்ச்சில் ஒரு பஸ் பிடிப்பது சுலபம்.

ஊருக்குச் சொல்வது

விசா கைக்கு வரும்வரை ஃப்ளெக்ஸ் வேண்டாம். மாமா கேட்டால், "பேப்பர் திருத்திட்டிருக்காங்க" என்று சொல்லுங்கள்.

ஏன் எடுக்கவில்லை என்று எழுதிக் கேட்பது

நான் கேட்டேன். மூன்று வரியில் பதில் வந்தது. முதல் கடிதத்தில் இருந்த அதே மூன்று வரி.