பழைய படத்தில் இருப்பது எந்தப் பறக்கும் படகு? கண்டறியும் முறை

பழைய பயணப் படங்களையும் அஞ்சலட்டைகளையும் சேர்ப்பவர்களின் கையில், நீரில் மிதக்கும் நான்கு என்ஜின் விமானம் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம் என்றாவது ஒரு நாள் வந்து சேரும். அதன் அடியில் ‘சைனா கிளிப்பர்’ என்று எழுதியிருந்தால், அந்த வரியை முதலில் விரலால் மறைத்துவிடுங்கள். கிளிப்பர் என்பது விமான வகையின் பெயரன்று. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிறுவனமான பான் அமெரிக்கன் தன் பறக்கும் படகுகளுக்குச் சூட்டிய பொதுப்பெயர். சைனா கிளிப்பரோ, மார்ட்டின் எம்-130 வகையில் அந்நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட மூன்றே விமானங்களில் ஒன்று. 1935 நவம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து அஞ்சல் மூட்டைகளுடன் கிளம்பி, ஹொனலூலு, மிட்வே, வேக், குவாம் வழியாக மணிலா சேர்ந்ததும் அதன் பெயர் பரவிவிட்டது. அதன் பின் கிளிப்பராகத் தோன்றிய எதையும் அந்தப் பெயராலேயே குறிக்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டது.

பெரும்பாலோர் முதலில் இறக்கையையும் என்ஜினையும் பார்க்கிறார்கள். நான் நீர்மட்டத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். விமானத்தின் உடலே நீரில் அமர்ந்திருந்தால் அது பறக்கும் படகு. உடல் நீருக்கு மேலே நிற்க, அதன் கீழே தனி மிதவைகள் மட்டும் நீரைத் தொட்டால் அது மிதவை விமானம். அடுத்து, அந்த உடல் பக்கவாட்டில் கவிழாமல் எது தடுக்கிறது என்று தேடுங்கள். நீர்த்துளிகள் புரொப்பெல்லரில் படாதபடி இறக்கையும் என்ஜின்களும் உயரத்தில் வைக்கப்பட்டன, உடலோ குறுகலானது. ஆகவே, துணையின்றி அது நிமிர்ந்து மிதக்காது. இந்தச் சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள் இருந்தன. இறக்கைகளின் அடியில் சிறு மிதவைகளைத் தொங்கவிடுவது ஒன்று. விமானம் கட்டிய சிக்கோர்ஸ்கி, ஷார்ட் நிறுவனங்கள் அப்படிச் செய்தன. உடலின் இருபுறமும் நீர்மட்டத்திலேயே தடித்த, குட்டையான சிறகுபோன்ற பகுதியை நீட்டுவது மற்றொன்று. இதற்கு ஸ்பான்சன் என்று பெயர். ஜெர்மனியின் டோர்னியர் விமானங்களில் புகழ்பெற்ற இம்முறையை மார்ட்டினும் போயிங்கும் கையாண்டன. போயிங்கில் பயணிகள் அந்த ஸ்பான்சன்மேல் நடந்துதான் வாசலுக்குள் நுழைந்தார்கள். தொப்பியும் கோட்டுமாக மனிதர்கள் நீருக்குச் சற்று மேலே வரிசையாக நிற்கும் படங்களின் கதை இதுதான்.

ஸ்பான்சன் தெரிந்தால், அதிலிருந்து இறக்கைக்குச் சாய்வாகத் தாங்கு கம்பிகள் ஏறுகின்றனவா என்று பாருங்கள். கம்பிகளும் ஒற்றைச் செங்குத்து வாலும் இருந்தால் மார்ட்டின் எம்-130. கம்பியில்லாத தடித்த இறக்கையும் மூன்று செங்குத்து வால்களும் இருந்தால் போயிங் 314. மொத்தம் பன்னிரண்டு கட்டப்பட்டவற்றில் அது ஒன்று. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. 1938 ஜூனில் முதன்முறை பறந்தபோது போயிங்கிற்கு ஒற்றை வால்தான் இருந்தது. திசைதிருப்பும் ஆற்றல் போதாததால் அதை இரண்டாக்கிப் பார்த்து, பின்னரே மூன்றாக்கினார்கள். எனவே கம்பியில்லாத இறக்கையுடன் ஒற்றை வாலோ இரட்டை வாலோ தெரிந்தால், சோதனைக் காலத்துப் படம் கிடைத்துவிட்டது என்று மகிழலாம்.

இறக்கையடி மிதவைகளும், உடலுக்கு மேலே தூக்கிவைத்த இறக்கையும், இரட்டை வாலும் சேர்ந்திருந்தால் சிக்கோர்ஸ்கி எஸ்-42. இறக்கை உடலின் உச்சியிலேயே பொருந்தியிருக்க, உடல் உயர்ந்து ஆழமாகவும் வால் ஒற்றையாகவும் இருந்தால், பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் ஓட்டிய ஷார்ட் எம்பயர் வகையாக இருக்கக்கூடும். 1936 முதல் பறந்த இவை, சவுதாம்ப்டனிலிருந்து அலெக்சாந்திரியா, பஸ்ரா, கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் வழியாக 1938-இல் சிட்னி வரை செல்லும் தடத்தில் பயணிகளை ஏற்றிச் சென்றன. ஷார்ட் நிறுவனமே கட்டிய போர் விமானமான சண்டர்லாண்ட் தோற்றத்தில் இதற்கு உடன்பிறப்பு. மூக்கிலும் வால் நுனியிலும் துப்பாக்கிக் கூண்டு இருந்தால் அது சண்டர்லாண்ட். பன்னிரண்டு என்ஜின்கள் இறக்கையின்மேல் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு நின்றால் யோசிக்கவே வேண்டாம், டோர்னியர் டோ எக்ஸ்.

இதன் பிறகே எழுத்துகளுக்கு வர வேண்டும். பூதக்கண்ணாடியைப் பின்னுடலிலும் இறக்கையிலும் நகர்த்துங்கள். அக்கால அமெரிக்கப் பயணிகள் விமானங்களின் பதிவெண் ‘என்.சி.’ என்றும், பிரிட்டிஷ் விமானங்களுடையது ‘ஜி’ என்றும், ஆஸ்திரேலிய விமானங்களுடையது ‘வி.எச்.’ என்றும் தொடங்கும். என்.சி. 14714 முதல் 14716 வரை மார்ட்டின்கள். கடைசி எண்தான் உண்மையான சைனா கிளிப்பர். 18601 முதல் 18612 வரை போயிங்குகள். அவற்றில் மூன்று பிரிட்டனுக்கு விற்கப்பட்டதால், ‘ஜி’ எழுத்து தாங்கிய போயிங்கைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. டோ எக்ஸின் உடலில் ‘டி-1929’ என்றிருக்கும். அது பதிவெண், விமானம் முதன்முறை பறந்த ஆண்டும் 1929 என்பது வெறும் தற்செயல். இதை ஆண்டென்று எண்ணி, 1931-இல் நியூயார்க்கில் எடுத்த படத்துக்கு நானே ஒருமுறை தவறான தேதி குறித்திருக்கிறேன். எம்பயர் வகையில் முன்பக்கத்தில் எழுதிய பெயரும் உதவும்: கனோபஸ், கலிடோனியா, கூலங்காட்டா என்று ஏறத்தாழ எல்லாமே ‘சி’ எழுத்தில் தொடங்கும். நியூசிலாந்துக்குப் போன ஆவோடேயரோவா அந்த வரிசையில் சேராது.

சக்கரங்கள் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். கரையேற்றும்போது நீரில் நின்றபடியே ஆட்கள் தற்காலிகச் சக்கரங்களை மாட்டுவார்கள். கிளம்பும் முன் கழற்றிவிடுவார்கள். படத்தில் சரிவுமேடையும் இழுவைக் கயிறும் தெரிகிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

காலத்தைக் கணிக்க வண்ணப்பூச்சைப் பாருங்கள். போயிங்கின் மூக்கருகே பெரிய அமெரிக்கக் கொடி வரைந்திருந்தால், 1939 செப்டம்பரில் போர் மூண்ட பிறகு, நடுநிலை நாட்டு விமானம் என்று தூரத்திலேயே தெரியும்படி வரைந்ததாக இருக்கலாம். பிரிட்டிஷ் பதிவெழுத்துகளுக்குக் கீழே மூவண்ணப் பட்டை ஓடினால் அதுவும் போர்க்காலமே.

படத்துடன் அந்தத் தடத்தில் சென்ற அஞ்சல் உறையும் கிடைத்திருந்தால், அதன் பின்புறத்து முத்திரைகளையும் படியுங்கள். பசிபிக் தடத்தில் மிட்வேக்கும் வேக்குக்கும் நடுவே சர்வதேசத் தேதிக் கோடு செல்வதால், மேற்கே போன கடிதத்தில் ஒரு நாள் காணாமல் போயிருக்கும். கிழக்கே திரும்பிய கடிதத்தில் ஒரே தேதி இருமுறை வரக்கூடும். அதை அஞ்சலகத்தின் பிழையென்று கருதித் திருத்திவிடாதீர்கள். முடிவுக்கு வந்ததும், பழைய குறிப்பை அழிக்காமல், தனித்தாளில் பென்சிலால் எழுதிவையுங்கள்: கண்ணால் கண்டவை ஒரு பக்கம், ஊகித்தவை மறுபக்கம்.