எந்தச் சண்டைக்கலை பெரியது? இந்தக் கேள்வியில் எல்லோரும் சறுக்கும் இடங்கள்

போன வாரம் பயிற்சி முடிந்து கைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன்கள் இருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜூடோக்காரரும் கராத்தேக்காரரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வயதில் இதே கேள்விக்காக நான் ஒரு நண்பனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். நகத்தை வெட்டு, உடம்பைச் சூடாக்கு என்பதையெல்லாம் உங்கள் மாஸ்டரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடக்கூடிய சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

விதியை மறந்துவிட்டு ஆளை எடைபோடுவது

ஒலிம்பிக் டேக்வாண்டோவில் கையால் முகத்தில் குத்தக் கூடாது. அதனால்தான் பல வீரர்களின் கை கீழே தொங்குகிறது, சோம்பேறித்தனம் இல்லை. க்யோகுஷின் கராத்தே போட்டியில் தலையில் உதைக்கலாம், ஆனால் முகத்தில் குத்த முடியாது. ஜூடோவில் கையால் காலைப் பிடித்து வீழ்த்துவதை 2010-ல் கட்டுப்படுத்தி, 2013-ல் அடியோடு தடைசெய்தார்கள். விதி எதைத் தடுக்கிறதோ அதற்கான தற்காப்பும் மெல்லத் தேய்ந்துபோகும். 1976-ல் டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் ஜப்பானிய மல்யுத்த வீரர் இனோக்கியும் மோதிய 15 சுற்றுகளில் பெரும்பகுதி இனோக்கி தரையில் கிடந்தபடி அலியின் காலை உதைத்ததுதான். முடிவு சமன். அதை வைத்து இன்னமும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"எங்கள் அடி ஆபத்தானது, அதனால் ஸ்பாரிங் கிடையாது"

இதை நம்பி, ஸ்பாரிங் (எதிர்த்து நிற்கும் ஆளோடு மோதிப் பழகுவது) இல்லாமலே நான் நான்கு வருடம் தொலைத்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

தொண்டையில் வெட்டு, கண்ணில் விரல், மணிக்கட்டு முறுக்கு. எதிரே நிற்பவர் ஒரு குத்து விட்டுவிட்டுச் சிலை மாதிரி நிற்பார். நான் அவர் கையைப் பிடித்து, முறுக்கி, தரையில் சாய்ப்பேன். அவரும் ஒழுங்காகச் சாய்வார். நிஜமாக மோதினால் ஆள் செத்துவிடுவான் என்று மாஸ்டர் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெல்ட் தேர்வுக்குத் தவறாமல் பணம் கட்டினேன்.

அப்புறம் ஒருநாள் நண்பர் ஒருவர் ஜூடோ பழகும் இடத்துக்குக் கூட்டிப்போனார். என் எதிரே வந்த பையன் எட்டு மாதம் பழகியவன், என்னைவிடப் பத்து கிலோ குறைவு. சட்டைக் காலரைப் பிடித்தான். நான் மணிக்கட்டைத் தேடினேன். அது நான் பழகிய இடத்தில் காத்திருக்கவில்லை. அடுத்து நான் பார்த்தது கூரையை. ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை பார்த்தேன்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியவர். பழைய ஜப்பானியக் கலையான ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளைக் கட்டாவோடு (முன்பே வகுத்த அசைவுகளைச் செய்துபார்ப்பது) நிறுத்திவிட்டு, மிச்சத்தை முழு பலத்தோடு, எதிர்த்து முரண்டுபிடிக்கும் ஆளிடம் பழக வைத்தார். ரண்டோரி என்பது அதுதான். கொடூரமான அடி நூறு தெரிந்தும் ஒன்றைக்கூட நிஜமாகப் போட்டுப் பார்க்காதவரைவிட, சாதாரண வீழ்த்தல் ஐந்தைத் தினமும் முட்டிமோதிப் பழகியவர் கை ஓங்குவதற்குக் காரணம் இதுவே. நேரம், தூரம், பயம், மூச்சிரைப்பு எதுவும் ஒத்துழைக்கும் ஆளிடம் பிடிபடாது.

பல கலைக்காரர்களை ஒரே மேடையில் மோதவிடும் யுஎஃப்சி போட்டி முதன்முதலாக 1993 நவம்பரில் டென்வரில் நடந்தது. அதில் பிரேசில் ஜியு-ஜிட்சு (தரைச்சண்டைக் கலை) வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றபோது, ஜியு-ஜிட்சுதான் பெரியது என்று ஊரே முடிவுகட்டியது. நானும்தான். அவர் குடும்பம் எதிர்ப்புள்ள ஆளோடு உருண்டு புரண்டு பழகியதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு மற்றவர்களும் தரைச்சண்டை பழகினார்கள், இடைவெளி குறைந்தது.

ஆகவே புது இடத்துக்குப் போனால் கலையின் பெயரைக் கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, எதிராளி எப்போதாவது தடுக்க முயல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். ஒரே கராத்தேயை ஒரு கூடத்தில் மோதிப் பழகுவார்கள், இன்னொன்றில் காற்றோடு மட்டும். (தினமும் மண்டையில் வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. மெதுவான ஸ்பாரிங்கிலேயே நிறைய தெரிந்துவிடும்.)

எடையை மறப்பது

எடைப் பிரிவுகளைச் சும்மா வைக்கவில்லை.

பெல்ட் நிறத்தை ஒப்பிடுவது

வேண்டாம்.

தெருச்சண்டைக்கு எது நல்லது என்று கேட்பது

பாயில் அருமையாக வேலைசெய்யும் தரைப்பிடி, எதிராளியின் கூட்டாளி பக்கத்தில் நின்றால் உங்கள் தலையை அவன் காலடியில் வைத்துவிடும். வெறுங்கையால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு எளிதில் உடையும். குத்துச்சண்டைக்காரர் பெயரிலேயே அந்த முறிவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. கத்தி வந்துவிட்டால் எனக்குத் தெரிந்த ஒரே கலை ஓட்டம். அதையும் நான் ஒழுங்காகப் பழகவில்லை.